எலும்பு வரைக்கும் பரவிவிட்டால் கடைசிக் கட்டமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. விருதுநகர் பக்கம் கிராமம், விவசாயம். எட்டு மாதமாக முதுகுவலி. வர்மம் பிடித்தோம், ஊசி போட்டோம், பெல்ட் கட்டினோம். போன மாதம் உர மூட்டையைத் தூக்கியபோது முதுகில் ‘சடக்’ என்று சத்தம் கேட்டது, அதோடு உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் முடிந்து ‘மல்டிபிள் மைலோமா’ என்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, எலும்பெல்லாம் ஓட்டை என்றும் சொல்கிறார்கள். ஓயாத தாகம், மலச்சிக்கல் வேறு. பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. என் அத்தை மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவித்தான் இறந்தார். ‘எலும்பு வரைக்கும் பரவிடுச்சுன்னா நாலாம் ஸ்டேஜ், இனிமே மனுசனை ஊசி போட்டு வதைக்காதீங்க’ என்கிறார் மாமா. ரத்தத்தில் இருந்த நோய் எலும்புக்குள் எப்படிப் போனது? மஜ்ஜையில் ஊசி குத்தியதால் பரவியிருக்குமா? அத்தைக்கு எடுத்த ‘போன் ஸ்கேன்’ அப்பாவுக்கு ஏன் எடுக்கவில்லை? அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏற்றுவோம் என்கிறார்கள். கை நரம்பில் ஏற்றினால் அது எலும்புக்கு எப்படிப் போய்ச் சேரும்? அப்பா சொன்னது ஒன்றுதான்: ‘நம்ம கண்மாய்ல கருவேலம் ஏறின மாதிரி ஏறிருச்சு போல.’ பேத்தியைத் தூக்கலாமா என்று மட்டும் கேட்கச் சொன்னார். ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டுகளை ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். முதலில் மாமா சொன்னதை முடித்துவிடுவோம். மைலோமாவுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் நாலாம் ஸ்டேஜ் என்று ஒன்று இல்லை. மூன்றுதான். இப்போது நாங்கள் பின்பற்றும் முறையில் எத்தனை எலும்பில் ஓட்டை என்று எண்ணி ஸ்டேஜ் போடுவதும் இல்லை. ரத்தத்தில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்புமின் என்ற இரண்டு புரதங்களின் அளவைப் பார்க்கிறோம். அப்பாவுக்கு முதலாவது 4.1, இரண்டாவது 3.2. அந்தக் கணக்குப்படி இரண்டாம் ஸ்டேஜ். மரபணுச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அது வந்ததும் எல்டிஹெச் என்ற நொதியின் அளவையும் சேர்த்து உங்கள் மருத்துவர் இன்னொரு முறை கணக்குப் போடுவார்.

அத்தைக்கு நடந்தது வேறு. மார்பகத்தில் பிறந்த செல்லுக்கு எலும்பில் வேலையே கிடையாது. அது அங்கே போய்க் குடியேறியது என்றால், பிறந்த இடத்தை மீறி, ரத்தத்தில் இறங்கி, அந்நிய மண்ணில் பிழைக்கவும் கற்றுக்கொண்டது என்று பொருள். 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, விதை எல்லாத் திசையிலும் போனாலும் தோதான நிலத்தில்தான் முளைக்கிறது என்று எழுதினார். அத்தையின் நோய்க்கு எலும்பு அப்படி அமைந்துபோன நிலம். அப்பாவுக்கு வந்திருப்பது பிளாஸ்மா செல் என்ற வெள்ளணு வகையின் புற்றுநோய். அதற்கு எலும்பு மஜ்ஜைதான் சொந்த ஊர். இரண்டுக்கும் ‘பரவல்’ என்று ஒரே சொல்லைப் போட்டுப் பேசுவதால் வந்த குழப்பம் இது. எங்கள் மேலும் தப்பு உண்டு. ஓ.பி.யில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.

சொந்த ஊர் என்று ஏன் சொல்கிறேன்? கிருமி நுழைந்தால் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சுகளில் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு பெருகுகின்றன. அவற்றில் தேறியவை பிளாஸ்மா செல்களாக மாறும். எதிர்ப்புரதம் தயாரிப்பது ஒன்றுதான் அவற்றின் தொழில். இதில் பல செல்கள் சில நாளில் செத்துப்போகும். மஜ்ஜைக்குப் போய் இடம் பிடித்தவை ஆண்டுக்கணக்கில் இருக்கும். சின்ன வயதில் தட்டம்மை வந்தவருக்கு ஆயுசுக்கும் மறுபடி வராமல் இருப்பதில் இவற்றின் பங்கு பெரிது. ஆக, முடிச்சிலிருந்து ரத்தத்தில் இறங்கி மஜ்ஜைக்குப் போவது இந்தச் செல்லின் பிறவிப் பழக்கம். புற்றுநோய் வந்து கற்றுக்கொடுத்த வழி இல்லை.

வழி எப்படித் தெரிகிறது? மஜ்ஜையில் ரத்தச் செல்களுக்குத் தாங்கலாக ஸ்ட்ரோமல் செல்கள் இருக்கின்றன. இவை சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பிளாஸ்மா செல்லின் மேல் அதை மோப்பம் பிடிக்கும் ஏற்பி இருக்கிறது, பெயர் சிஎக்ஸ்சிஆர்4. தெருமுனையில் திரும்பும்போதே கருவாட்டுக் குழம்பு எந்த வீட்டில் கொதிக்கிறது என்று தெரிந்துவிடுகிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படி. மஜ்ஜைக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் அகலமானவை, சுவர் மெல்லியது, ரத்தம் அங்கே நிதானமாகத்தான் நகரும். வருகிற செல் சுவரில் பட்டு உருளும். செலக்டின் என்ற ஒட்டுப்புரதங்கள் அதன் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் செல்லின் மேலுள்ள விஎல்ஏ-4 என்ற கொக்கி, எதிர்ப்பக்கம் இருக்கும் விசிஏஎம்-1 என்ற வளையத்தில் மாட்டிக்கொள்ளும். நின்ற செல் உடம்பை நெளித்து, சுவரின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்.

இதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், லுகேமியா செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி எலியின் ரத்தத்தில் செலுத்தி, மண்டையோட்டின் மெல்லிய எலும்பு வழியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். மஜ்ஜையில் எத்தனையோ ரத்தக்குழாய்கள் இருக்க, சிஎக்ஸ்சிஎல்12-உம் ஈ-செலக்டினும் மிகுந்த சில துண்டுகளில் மட்டும்தான் செல்கள் போய் இறங்கின. லுகேமியா வேறு நோய், அதன் செல்கள் வேறு. ஆனால் கதவு அதே கதவு.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். எப்போதோ ஒரு பி செல்லின் மரபணுவில் கோளாறு விழுந்திருக்கிறது. அதன் வாரிசான பிளாஸ்மா செல் வழக்கமான பாதையில் மஜ்ஜைக்கு வந்து, அங்கே சத்தமில்லாமல் பெருகியிருக்கிறது. மைலோமாவுக்கு முன்னால் எம்ஜியுஎஸ் என்ற அமைதியான கட்டம் ஒன்று உண்டு. 50 வயது தாண்டியவர்களில் 100-க்கு 3 பேரிடம் அது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிவரை ஒன்றும் செய்யாது. ஆண்டுக்கு 100-க்கு ஒருவர் என்ற கணக்கில்தான் நோயாக மாறுகிறது. எனவே, அப்பாவின் முதுகுக்குள் இது தொடங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும். எட்டு மாதம் வீணாக்கிவிட்டோமே என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் அந்த எலும்பு முறிவைத் தவிர்த்திருக்கலாம், அது உண்மை. ஆனால் முதுகுவலிக்கு மைலோமாவை நினைக்க வேண்டியவர்கள் நாங்கள், நீங்கள் இல்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு கொத்தனாருக்கு மூன்று மாதம் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தவன். யதேச்சையாகப் பார்த்த ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 120-ஐத் தாண்டியிருந்தபோதுதான் உறைத்தது.

அப்பாவின் மஜ்ஜைப் படத்தை நீங்கள் திறந்து பார்த்தீர்களா தெரியாது. ஊதாச் சாயம் ஏற்றிய செல்கள் திட்டுத் திட்டாக இருக்கும். உட்கரு நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி, மஞ்சள் கரு சரிந்துபோன ஆஃப்பாயில் மாதிரி இருப்பவை பிளாஸ்மா செல்கள். நல்ல மஜ்ஜையில் நூறு செல்லை எண்ணினால் இப்படி இரண்டு மூன்று கண்ணில் படும். அப்பாவுக்கு 40. அவை உட்கார்ந்த இடத்தில் சிவப்பணு வளர இடமில்லை. ஹீமோகுளோபின் 8.9-க்கு இறங்கியதற்கு முக்கியக் காரணம் அதுதான். பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து ஏறவில்லை என்றீர்களே, ஏறாது.

அப்பா கருவேலம் என்றது சரியான பார்வை. ஒரே ஒரு திருத்தம். சீமைக்கருவேலம் கடல் தாண்டி வந்தது, இந்தச் செல் உள்ளூர்க்காரன். நாட்டுக்கருவேலம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்மாயில் இருக்க வேண்டிய மரம்தான், வரம்பு மீறிவிட்டது. மற்றபடி அவர் சொன்னதுபோலவே இது வந்த இடத்தைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்கிறது. ஸ்ட்ரோமல் செல்லை ஒட்டிக்கொண்டதும், இன்டர்லூக்கின்-6 என்ற ஊட்டத்தை அதைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அது மைலோமா செல்லுக்குச் சாப்பாடு மாதிரி. ஒட்டிக்கொண்டிருக்கும் செல் மருந்துக்கும் எளிதில் சாகாது. தனியே கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் செத்துப்போகும் அதே செல், ஸ்ட்ரோமல் செல்லைப் பிடித்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கிறது. சிகிச்சை நீளமாக இருப்பதற்கும், எல்லாம் சரியான பிறகும் மாத்திரையைத் தொடரச் சொல்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஓட்டைகள் எப்படி வந்தன? நம் எலும்பு கட்டி முடித்த சுவர் இல்லை. பழையதைத் தின்னும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் எந்நேரமும் வேலை பார்க்கின்றன. மைலோமா வந்ததும் மஜ்ஜையில் ஆர்ஏஎன்கேஎல் என்ற சமிக்ஞை கூடி, தின்னும் செல்கள் வெறிபிடித்து வேலை செய்கின்றன. கூடவே மைலோமா செல் டிகேகே1 என்ற புரதத்தைச் சுரந்து, கட்டும் செல்லின் கையைக் கட்டிப்போடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டிவைத்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும். அவற்றைத் தின்று மைலோமா இன்னும் வளரும், வளர்ந்து இன்னும் எலும்பைக் கரைக்கும். கரைந்த சுண்ணாம்பு ரத்தத்தில் சேர்கிறது. அப்பாவின் கால்சியம் 10.9 என்று கொஞ்சம் ஏறியிருப்பது அதனால்தான். அவருடைய ஓயாத தாகத்துக்கும் மலச்சிக்கலுக்கும் அதிலே பங்கு இருக்கலாம். இன்னொன்று: அத்தைக்கு எடுத்த ‘போன் ஸ்கேன்’ அப்பாவுக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஸ்கேன் புது எலும்பு கட்டும் இடத்தைத்தான் காட்டும். இங்கே கட்டுமானமே நின்றுபோய்விட்டதால் ஓட்டை இருந்தும் பல நேரம் தெரியாது. அதற்குப் பதில் பெட்-சிடி ஸ்கேன் எடுத்தது சரியான முடிவு.

அந்த பெட்-சிடி ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். மண்டையோடு, விலா நான்கு, முதுகெலும்பில் மூன்று கண்ணி, இடுப்பு, வலது தொடை எலும்பின் மேல்முனை. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, முழங்கைக்குக் கீழேயும் இல்லை. குழந்தைக்கு எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். வளர வளர, கை கால் எலும்புகளில் அது கொழுப்பாக மாறி, முதுகெலும்பு, இடுப்பு, விலா, நெஞ்செலும்பு, மண்டை, தொடை மற்றும் மேற்கை எலும்புகளின் மேல்முனை ஆகிய இடங்களில்தான் மிஞ்சுகிறது. அப்பாவின் ஓட்டைகள் அந்த வரைபடத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றுகின்றன. சொந்த ஊர் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு மஜ்ஜையிலிருந்து அடுத்ததற்குப் போவதும் ரத்த வழியாகத்தான். ஓரிடத்தில் கூட்டம் நெருக்கியடித்தால் ஆக்சிஜன் குறையும். அந்த மூச்சுமுட்டலில் சில செல்கள் பிடியைத் தளர்த்தி ரத்தத்தில் இறங்குகின்றன என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. இறங்கியவை மறுபடி அதே மோப்பத்தில் இன்னொரு எலும்பின் மஜ்ஜைக்குப் போகின்றன. கண்மாயில் இடம் போதாவிட்டால் கருவேலம் அடுத்த ஊருணிக்குப் போகிறதே, அதுதான். எந்த நேரத்திலும் ரத்தத்தில் இப்படித் திரிபவை மிகக் குறைவு. இதை ரத்தப் புற்றுநோய் என்று சொன்னாலும், ஆள் குடியிருப்பது மஜ்ஜையில். ரத்தம் அவனுக்குப் பஸ் மாதிரி.

மாமா பயந்ததற்கு நேர் தலைகீழான ஒன்றும் இருக்கிறது. மைலோமாவில் எங்களுக்குக் கவலை கூடுவது, நோய் எலும்பில் இருக்கும்போது அல்ல, எலும்பை விட்டு வெளியே வரும்போது. மஜ்ஜையின் ஊட்டமே வேண்டாம் என்று சில செல்கள் மாறி, கல்லீரலிலோ தோலிலோ வளர ஆரம்பித்தால், அல்லது ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களில் 5 சதவீதமோ அதற்கு மேலோ பிளாஸ்மா செல்லாக இருந்தால், அது கடினமான நோய். அப்பாவின் பெட்-சிடியில் எலும்புக்கு வெளியே எதுவும் இல்லை. ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்த்த பரிசோதனையிலும் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டி நிற்கின்றன என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். மைலோமாவின் மிகைப் புரதத்தால் அப்படி ஒட்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மஜ்ஜையில் ஊசி குத்தியதால் பரவவில்லை. குத்தும் முன்பே ஸ்கேனில் மண்டை வரை இருந்தது. ‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பேச்சை வைத்துக்கொண்டு பலர் இந்தப் பரிசோதனைக்கே வராமல் போகிறார்கள். சிகிச்சை நடுவிலும் இதைத் திரும்பச் செய்வார்கள், மறுக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும், மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில நொடியில் காலுக்குள் சுண்டி இழுப்பதுபோல் வலிக்கும். அதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ‘வலிக்காது’ என்று சொல்லி ஏமாற்றினால் அடுத்த தடவை வரமாட்டார்.

இப்போது உங்கள் நல்ல கேள்விக்கு வருகிறேன். கை நரம்பில் ஏற்றிய ஸ்டெம் செல், அதாவது ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான செல், எலும்புக்கு எப்படிப் போகும்? மைலோமா போன அதே வழியில். ஸ்டெம் செல்லின் மேலும் சிஎக்ஸ்சிஆர்4 இருக்கிறது, கொக்கியும் இருக்கிறது. அதனால்தான் மஜ்ஜை மாற்று என்று பெயர் இருந்தாலும் எலும்பைத் திறக்கும் ஆபரேஷன் எதுவும் கிடையாது. ரத்தம் ஏற்றுவதுபோல் பையைத் தொங்கவிட்டு ஏற்றுவோம். அது தானாக வீடு போய்ச் சேரும். சுமார் இரண்டு வாரத்தில் அணுக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும்.

முதலில் அவற்றை வெளியே எடுப்பதும் இதே சூட்சுமம்தான். ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நாலைந்து நாள் போட்டால் மஜ்ஜையில் அந்த மோப்பம் குறைந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் இறங்கும். போதாவிட்டால் பிளெரிக்சாஃபர் என்ற மருந்து. 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிஎக்ஸ்சிஆர்4-ஐ, மூக்கைப் பொத்துவதுபோல், அடைத்துவிடும். வீட்டு வாசம் தெரியாமல் செல் வெளியே வந்துவிடும். ரத்தத்தை இயந்திரம் வழியாகச் சுற்றவிட்டு அவற்றைச் சேகரிப்போம். அப்புறம் மெல்ஃபலான் என்ற கடும் மருந்தைக் கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்துவிட்டு, சேகரித்ததைத் திரும்ப ஏற்றுவோம். மூக்கைப் பொத்தும் அந்த பிளெரிக்சாஃபராலேயே மைலோமா செல்லையும் வெளியே இழுத்து அடித்தால் என்ன என்று தோன்றும். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை.

ஸ்டெம் செல்லை எடுப்பதற்கு முன் நாலைந்து மாதம் ஊசியும் மாத்திரையும். சீட்டில் உள்ள போர்ட்டிசோமிப் செய்வது இதுதான்: கல்யாண மண்டபச் சமையற்கட்டில் எச்சில் இலை அள்ளுகிறவரை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஓயாமல் புரதம் தயாரிக்கும் பிளாஸ்மா செல், தன் குப்பையிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அப்பாவுக்கு யாராவது கிரீன் டீ கொடுத்தால் வாங்க வேண்டாம், அதிலுள்ள ஒரு பொருள் இந்த மருந்தைக் கட்டிப்போடுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நம்மூர் டீ குடிக்கட்டும். இந்த ஊசி போடும் காலத்தில் அக்கி வரலாம், அதற்குத்தான் அசைக்ளோவிர் எழுதியிருக்கிறார்கள். விடாமல் போடச் சொல்லுங்கள். சொலெட்ரோனிக் ஆசிட் ஊசி எலும்பைத் தின்னும் செல்லை அடக்க. அதைத் தொடங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம். எனவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஒன்றுகூட வேண்டாம், இந்த நோயில் அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். முதுகை அமுக்குவது, வர்மம், நெட்டி முறிப்பது எல்லாம் போதும். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போகமுடியாமல் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள். காய்ச்சலுக்கும் அப்படித்தான்.

முழுக்க வேரோடு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒருநாள் திரும்பி வருகிறது, அப்போது வேறு மருந்து கொடுப்போம். ஆனால் நடுவில் கிடைப்பது பல வருஷம். வலியில்லாமல், வயலுக்குப் போய்வந்து இருக்கிறவர்கள் என்னிடம் மாதா மாதம் வருகிறார்கள். மாமாவை ஒரு தடவை உங்களோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காதவர், டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னால் கேட்கக்கூடும்.

பேத்தி விஷயம். குனிந்தோ நின்றுகொண்டோ தூக்க வேண்டாம், முறிந்த கண்ணி கூடும்வரை குடம்கூட வேண்டாம். முதுகுக்குத் தாங்கல் உள்ள நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்காரட்டும். நீங்கள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துவிடுங்கள், இறக்கும்போதும் நீங்களே இறக்குங்கள். பிள்ளைக்குச் சளி இருக்கிற நாளில் மட்டும் வேண்டாம்.